பத்து வயதிலேயே நிற்கும் பையன்

1997 செப்டம்பர் 28 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்த ‘தி சிம்ப்ஸன்ஸ்’ எபிசோடு ஒன்றில், ஸ்பிரிங்ஃபீல்டு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர் சீமோர் ஸ்கின்னர் ஆள்மாறாட்டம் செய்தவர் என்று தெரியவருகிறது. உண்மையான ஸ்கின்னர் வியட்நாம் போரில் தொலைந்துபோன சார்ஜென்ட். அவர் பெயரை வைத்துக்கொண்டு, அவருடைய தாய்க்கு மகனாக இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தவர் ஆர்மின் டாம்ஸேரியன் என்கிற வேறொரு சிப்பாய். உண்மையானவர் ஊர் திரும்புகிறார். ஊருக்கு அவரைப் பிடிக்கவில்லை. பெற்ற தாய்க்கே பிடிக்கவில்லை. கடைசியில் ஊரே கூடி அவரை நாற்காலியோடு கட்டி ரயிலில் ஏற்றி அனுப்பிவிடுகிறது. நீதிபதி தீர்ப்புச் சொல்கிறார்: ஸ்கின்னர் என்ற பெயரும் அதற்குரிய தாயும் ஆர்மினுக்கே சேரும், எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்கும், நடந்ததைப் பற்றி இனி யாரும் வாய் திறக்கக் கூடாது, மீறினால் சித்திரவதை.

பல ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்த ஹாரி ஷியரரே அந்தக் கதையை வெளிப்படையாகக் குறை சொன்னார். ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய ஒரு மனிதரை ஒரே இரவில் பொய்யாக்கிவிட்டார்கள் என்ற அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தொலைக்காட்சி அனிமேஷன் நகைச்சுவை தன்னைத் தாங்கி நிற்கும் விதியைத் தானே வாய்விட்டுச் சொன்ன அபூர்வமான இடம் அது. அரை மணி நேரத்தில் என்ன நடந்தாலும் சரி, அடுத்த வாரம் எல்லாரும் பழைய வயதில், பழைய சட்டையில், பழைய இடத்தில் நிற்க வேண்டும்.

பெரியவர்களுக்கான கார்ட்டூன் என்றதும் கெட்ட வார்த்தையும் பாலியல் கிண்டலும் ரத்தமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்த அளவுகோலை வைத்து எதையும் பிரித்துவிட முடியாது என்பதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த ‘ஷின்-சான்’ தொடரே சாட்சி. யோஷிட்டோ உசுய் 1990இல் அதை வரையத் தொடங்கியது ஜப்பானில் வயதுவந்த ஆண்களுக்கென்று வந்துகொண்டிருந்த ஒரு வார மங்கா இதழில். 1992இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் தொடரானது. 2006இல் இந்தியாவில் ஹங்காமா என்ற குழந்தைகள் சேனலுக்கு வந்தது; தமிழிலும் பேசியது. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த இழுவைக் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்றோரின் புகார்கள் பெருகி, 2008இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொடரை நிறுத்தியது. பிறகு கத்தரித்த வடிவத்தில் மறுபடி வந்தது. அதே 2006இல் அமெரிக்காவில் அதே படங்களுக்கு வசனத்தை இன்னும் காரமாக மாற்றி எழுதி, ‘அடல்ட் ஸ்விம்’ என்ற பின்னிரவு ஒளிபரப்பில் பெரியவர்களுக்குக் காட்டினார்கள். ஐந்து வயதுப் பையன், அம்மா, அப்பா, தங்கை, ஒரு நாய். வரைந்த கோடு ஒன்றுதான். ஒவ்வொரு நாட்டிலும் பார்த்தவர்கள் வேறு.

ஆகவே உள்ளடக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, காலத்தைக் கையாளும் விதத்தைப் பார்க்கலாம் என்பது என் வாதம். ஒரு எபிசோடு வரைய எத்தனை நாள் ஆகிறது? பாத்திரங்களுக்கு வயது ஏறுகிறதா? இந்த வாரம் செய்த தவறு அடுத்த வாரம் யாருக்காவது நினைவிருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு தொடரும் சொன்ன பதிலிலிருந்தே அதன் சிரிப்பின் தரமும் அதன் அறமும் பிறந்திருக்கின்றன.

*

1957இல் எம்.ஜி.எம். நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. அங்கே ‘டாம் அண்டு ஜெர்ரி’யை உருவாக்கி ஏழு ஆஸ்கர் விருதுகளுக்குக் காரணமாக இருந்த வில்லியம் ஹன்னாவும் ஜோசஃப் பார்பெராவும் வேலையிழந்து தொலைக்காட்சிப் பக்கம் போனார்கள். திரையரங்கப் படத்துக்குக் கிடைத்த பணத்தில் சிறு பங்குதான் தொலைக்காட்சியில் கிடைக்கும். அதனால் அசைவைக் குறைத்தார்கள். யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் இருப்பது அழகுக்காக வந்ததில்லை. கழுத்துக்கோடு மறைந்துவிட்டால், உடம்பை ஒரே படமாக வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றி மாற்றி வரையலாம். ஓடுகிறவனுக்குப் பின்னால் அதே வீடும் அதே மரமும் திரும்பத் திரும்ப வந்துபோகும். உடம்பு அசையாத இடத்தைப் பேச்சு நிரப்ப வேண்டியிருந்தது. துரத்தலும் அடிதடியுமாக இருந்த கார்ட்டூன், வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும் நகைச்சுவைக்குத் தயாரானது இப்படித்தான்; வறுமை செய்த வேலை அது.

1960 செப்டம்பர் 30 அன்று ஏ.பி.சி. சேனலில் இரவு எட்டரை மணிக்கு ‘தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடங்கியது. ‘தி ஹனிமூனர்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரைப் பின்பற்றி அமைத்த குடும்பம். கற்காலத்தில் வாழும் அமெரிக்கப் புறநகர்வாசிகள். தொடக்க ஆண்டுகளில் விளம்பரதாரர்களில் ஒன்று வின்ஸ்டன் சிகரெட். மனைவிமார் வேலை செய்துகொண்டிருக்க, ஃப்ரெட்டும் பார்னியும் வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கிச் சிகரெட் பற்றவைக்கும் விளம்பரம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. இதைக் குழந்தைகள் நிகழ்ச்சி என்று அன்று யாரும் எண்ணவில்லை என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம். 1966 வரை 166 எபிசோடுகள் ஓடியது. அதன் பிறகு கார்ட்டூன் சனிக்கிழமைக் காலைக்கு, பிள்ளைகளின் நேரத்துக்கு ஒதுங்கிவிட்டது. ஒன்றிரண்டு முயற்சிகள் தவிர, அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரவு நேரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

1987 ஏப்ரல் 19 அன்று ‘தி ட்ரேசி உல்மன் ஷோ’வின் நடுவே சிறு துண்டாகத் தலைகாட்டிய சிம்ப்ஸன் குடும்பம் அந்த வறட்சியை முடித்துவைத்தது. அதை உருவாக்கிய மேட் க்ரேனிங் தன் அப்பா, அம்மா, தங்கைகளின் பெயர்களையே பாத்திரங்களுக்கு வைத்திருந்தார். அரைமணித் தொடராக 1989 இலையுதிர் காலத்தில் வந்திருக்க வேண்டும். ஆனால் கொரியாவில் வரைந்து திரும்பி வந்த முதல் எபிசோடைப் பார்த்துத் தயாரிப்பாளர்கள் அதிர்ந்துபோனார்கள். அதைப் பெரும்பாலும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்ததால், தொடர் டிசம்பர் 17க்குத் தள்ளிப்போய் ஒரு கிறிஸ்துமஸ் கதையோடு தொடங்கியது.

அங்கே வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எழுத்தாளர்கள் ஒரு அறையில் கூடிக் கதையைப் பேசி முடிவு செய்கிறார்கள். ஒருவர் எழுதி வந்ததும் மற்றவர்கள் வரிக்கு வரி அடித்துத் திருத்துகிறார்கள். நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து உரக்க வாசிக்கிறார்கள். சிரிப்பு எழாத இடங்களைக் குறித்துக்கொண்டு மறுபடி திருத்தம். பிறகு குரல்பதிவு. குரலைக் கேட்டு ஓவியர்கள் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைகிறார்கள். அந்தப் பென்சில் படங்களைக் குரலோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கிறார்கள். அங்கேயும் ஒரு திருத்தம். அதன் பிறகுதான் இடைப்பட்ட படங்களை வரையவும் வண்ணம் தீட்டவும் சியோலில் இருக்கும் ஏகாம் போன்ற ஸ்டுடியோக்களுக்குப் போகும். நொடிக்குப் பன்னிரண்டு படம் என்று கணக்கிட்டாலே 22 நிமிடத்துக்குப் பதினையாயிரத்தைத் தாண்டும். படம் திரும்பி வந்ததும் கடைசியாக ஒரு திருத்தம். ஆக மொத்தம் எட்டு ஒன்பது மாதம். (2010இல் தெரு ஓவியர் பேங்க்ஸி இந்தத் தொடருக்கு ஒரு தொடக்கக் காட்சி அமைத்தார்; வெளிச்சமற்ற கூடத்தில் கொத்தடிமைகள்போலப் படம் வரையும் ஆசியத் தொழிலாளர்கள். அதையும் வரைந்துகொடுத்தது ஏகாம்தான். அதன் நிறுவனர் நெல்சன் ஷின், எங்கள் ஸ்டுடியோ இப்படியில்லை என்று ஆட்சேபித்தார். தொடரின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்த வரைமேசைகளையும் சேர்த்தே பேச வேண்டும்.)

எட்டு மாதம் கழித்து வரப்போகும் நகைச்சுவை, இன்றைய செய்தியை நம்பிப் பிழைக்க முடியாது. செய்திக்கு அடியில் மாறாமல் கிடப்பதைத்தான் அது தேட வேண்டும். 1994இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள், ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்குப் பொதுச்சேவைகளை மறுக்கும் 187ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். அதன் எதிரொலி சிம்ப்ஸன்ஸில் கேட்டது 1996 மே மாதத்தில். கதை இப்படிப் போகிறது: தெருவில் ஒரே ஒரு கரடி வந்துவிட்டது. உடனே ஊரார் கரடிக் காவல் படை கேட்கிறார்கள். படைக்கு வரி போட்டதும் வரியை எதிர்க்கிறார்கள். மேயர் பழியைக் குடியேறியவர்கள்மேல் திருப்பிவிடுகிறார். விளைவாக, கடைக்கார இந்தியர் அப்பு குடியுரிமைத் தேர்வு எழுத வேண்டிவருகிறது. உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று தேர்வாளர் கேட்கிறார். அப்பு, வெளிப்படையான பிளவுக்கு அப்பால் பொருளாதாரக் காரணங்களும் இருந்தன என்று விரிவாகத் தொடங்குகிறார். தேர்வாளர் இடைமறித்து, அடிமைமுறை என்று மட்டும் சொல்லுங்கள் போதும் என்கிறார். அப்புவும் அப்படியே சொல்லிக் குடிமகனாகிறார். உள்ளூர்க்காரனைவிட அந்த நாட்டை அதிகம் படித்திருப்பவன் வந்தேறி. தேர்வில் தேற அவன் தன் அறிவைக் குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாக்கெடுப்பு நடந்து ஒன்றரை ஆண்டு கழித்து வந்தும் அந்தக் கேலி கெட்டுப்போகவில்லை. இன்று பார்த்தாலும் அப்படியே நிற்கிறது.

வேகமாகப் பதில் சொல்ல அவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1992 ஜனவரி 27 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்ஸன்ஸைப் போலல்லாமல், 1930களின் பொருளாதார மந்த காலத்தில் நடப்பதாகக் காட்டிய ‘தி வால்டன்ஸ்’ தொடரின் குடும்பத்தைப் போல ஆக வேண்டும் என்று பேசினார். மூன்றாம் நாள் பழைய எபிசோடு ஒன்றின் மறுஒளிபரப்புக்கு முன்னால் சில நொடிகள் புதிதாக ஒட்டினார்கள்: சிம்ப்ஸன் குடும்பம் அந்தப் பேச்சைத் தொலைக்காட்சியில் பார்க்கிறது, நாங்களும் வால்டன்ஸ் மாதிரிதான், மந்தநிலை தீர வேண்டும் என்று நாங்களும் வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்கிறான் மகன் பார்ட்.

*

பாத்திரங்கள் ஏன் மாறக் கூடாது? வரைந்த உடம்புக்கு வயதாகாது என்பது பாதிக் காரணம். மீதி, வணிகம். அமெரிக்காவில் ஒரு தொடர் நூறு எபிசோடுகளை நெருங்கியதும் உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்பு உரிமை விற்கப்படும். பெரிய லாபம் அதில்தான். அந்த நிலையங்கள் வாரத்தில் ஐந்து நாளும் கையில் கிடைத்த வரிசையில் போடும். நேற்று ஏழாம் ஆண்டுக் கதை, இன்று மூன்றாம் ஆண்டுக் கதை. எதைப் பார்த்தாலும் புரிய வேண்டுமென்றால், எந்தக் கதையும் அடுத்த கதைக்குத் தடயம் விட்டுச்செல்லக் கூடாது. ஸ்பிரிங்ஃபீல்டு நீதிபதியின் தீர்ப்புக்குப் பின்னால் இந்தச் சந்தை நிற்கிறது.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டே சிம்ப்ஸன்ஸ் எழுத்தாளர்கள் செய்து காட்டியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது 1995 ஜனவரியில் வந்த கதை. வீட்டு ஆல்பத்தில் கைக்குழந்தை மேகியின் படம் ஒன்றுகூட இல்லையே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்பா ஹோமர் பழைய கதையைச் சொல்கிறான். கடனெல்லாம் அடைத்துவிட்டு, அணுமின் நிலைய வேலையை உதறி, முதலாளி பர்ன்ஸை அவமானப்படுத்திவிட்டு, தான் ஆசைப்பட்ட பவுலிங் கூடத்தில் சொற்பச் சம்பளத்துக்குச் சேர்ந்தவன் அவன். வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷமாக இருந்தான். அப்போது மனைவி மார்ஜ் மூன்றாவது முறை கர்ப்பமாகிறாள். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடக்காது. மறுபடி பர்ன்ஸ் காலில் விழுந்து பழைய வேலைக்குத் திரும்புகிறான். பர்ன்ஸ் அவனுடைய மேசைக்கு எதிரே ஒரு பலகை மாட்டிவைக்கிறார்: நீ என்றென்றைக்கும் இங்கேதான், மறந்துவிடாதே. அப்படியானால் மேகியின் படங்கள் எங்கே என்று பிள்ளைகள் கேட்க, எனக்கு உற்சாகம் தேவைப்படும் இடத்தில் இருக்கின்றன என்கிறான் ஹோமர். கடைசிக் காட்சியில் அந்தப் பலகை தெரிகிறது. சில எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின்மேல் குழந்தையின் படங்களை ஒட்டியிருக்கிறான். மிஞ்சிய எழுத்துகளைக் கூட்டிப் படித்தால், அவளுக்காகச் செய் என்று வருகிறது.

இந்தக் கதை விதியை மீறவில்லை. முடிவில் ஹோமர் தொடங்கிய இடத்திலேயே, அதே வேலையில், அதே நாற்காலியில் இருக்கிறான். ஆனால் தொடரின் மாறாத நிலைமை முதல்முறையாக ஒரு மனிதன் தெரிந்து செலுத்திய விலையாகத் தெரிகிறது. வாராவாரம் எதுவும் நடக்காததுபோல் அவன் அந்த நாற்காலியில் உட்காருவதற்குப் பின்னால் ஒரு கதை இருந்திருக்கிறது. மாதச் சம்பளத்துக்காக ஆசையை மடித்து வைத்த யாருக்கும் அந்தப் பலகையைப் பார்த்ததும் தொண்டை அடைக்கும்.

காலத்தை இப்படி நிறுத்தி வைப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. 1991இல் சொன்ன கதைப்படி ஹோமரும் மார்ஜும் பள்ளி இறுதியில் சந்தித்தது 1974இல். பார்ட் என்றும் பத்து வயதுப் பையன் என்பதால் இந்தத் தேதி நாளாக நாளாக நம்ப முடியாததாகிக்கொண்டே வந்தது. 2008இல் வந்த ஒரு எபிசோடு அவர்களின் இளமைக்காலத்தைத் தூக்கி 1990களுக்குக் கொண்டுவந்தது. 1990களில்தான் அவர்கள் பிள்ளைகளோடு திரையில் இருந்தார்களே என்று ரசிகர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. குரலின் சிக்கலும் இருக்கிறது. பார்ட்டுக்குப் பேசும் நான்சி கார்ட்ரைட் தொடங்கியபோது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இன்று அறுபதைக் கடந்துவிட்டார். மார்ஜாகப் பேசும் ஜூலி கேவ்னரின் குரலில் முதுமை இறங்கியிருப்பது எவர் காதுக்கும் கேட்கும். பார்ட்டின் ஆசிரியை எட்னாவுக்குக் குரல் தந்த மார்சியா வாலஸ் 2013இல் இறந்தபோது, வேறொருவரைப் பேசவைக்காமல் அந்தப் பாத்திரத்தையே விடைகொடுத்து அனுப்பினார்கள். அது கண்ணியமான முடிவு.

நிறுத்திவைத்த காலம் பெரிதாக உடைந்தது அப்புவின் விஷயத்தில். 1990இல் அறிமுகமான அப்புவுக்குக் குரல் கொடுத்தவர் ஹேங்க் அஸாரியா. 1968இல் வந்த ‘தி பார்ட்டி’ படத்தில் பீட்டர் செல்லர்ஸ் இந்தியராக நடித்ததன் சாயல் அந்தக் குரலில் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் தெற்காசியர் என்று சொல்ல அப்போது வேறு யாரும் அநேகமாக இல்லை. தொடருக்குள் அப்புவுக்குக் கல்யாணம் ஆனது, எட்டுக் குழந்தைகள் பிறந்தன, குடியுரிமைத் தேர்வில் நான் மேலே சொன்ன அருமையான காட்சியும் கிடைத்தது. அவரைப் படைத்தவர்களுக்கு அவர்மேல் பிரியம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் திரைக்கு வெளியே, குடியேறிய இந்தியர்களின் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் அந்த உச்சரிப்பால் கேலி செய்யப்பட்டுக்கொண்டே வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 1982இல் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு. 2017இல் அவர் ‘தி ப்ராப்ளம் வித் அப்பு’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார்.

தொடர் அதற்குத் தந்த பதில் அதன் வரலாற்றிலேயே பலவீனமான தருணங்களில் ஒன்று. 2018 ஏப்ரலில் வந்த எபிசோடில் பார்ட்டின் தங்கை லிஸா கேமராவைப் பார்த்து, பல பத்தாண்டுகளுக்கு முன் யாரையும் புண்படுத்தாமல் பாராட்டோடு தொடங்கிய ஒன்று இன்று தவறாகிவிட்டது, என்ன செய்ய முடியும் என்று கேட்கிறாள். பக்கத்தில் அப்புவின் படம். நாகரிகமும் நேர்மையுமாகக் கேள்வி கேட்டே வளர்ந்த லிஸாவின் வாயில் அந்த வசனத்தை வைத்திருக்கக் கூடாது. அதில் வரலாற்றுப் பிழையும் இருக்கிறது: அந்தக் குரல் அன்றும் புண்படுத்தியது. புண்பட்டவர்கள் அப்போது சிறுபிள்ளைகளாக இருந்தார்கள், அவர்கள் கையில் கேமரா இல்லை. இருபத்தெட்டு ஆண்டில் பார்ட்டுக்கு ஒரு வயதுகூட ஏறவில்லை; அதே காலத்தில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். அஸாரியா அந்தக் கோபத்தைப் புரிந்துகொண்டு 2020 ஜனவரியில் அப்புவுக்குப் பேசுவதை விட்டுவிட்டதாக அறிவித்தார். வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளையர் குரல் தரமாட்டார்கள் என்று தயாரிப்பாளர்கள் அந்த ஆண்டு நடுவில் சொன்னார்கள்.

*

வேலை செய்யும் வேகத்தில் சிம்ப்ஸன்ஸுக்கு நேர்எதிர்த் திசையில் போனது ‘சவுத் பார்க்’. ட்ரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் உருவாக்கி, 1997 ஆகஸ்ட் 13 அன்று காமெடி சென்ட்ரல் சேனலில் தொடங்கிய தொடர். முதல் எபிசோடை வண்ணக் காகிதத்தை வெட்டி, நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்தார்கள். அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. அடுத்ததிலிருந்து அதே காகிதத் தோற்றத்தைக் கணினியில் கொண்டுவந்தார்கள். கைகால் வளையாத, வட்டத் தலை உருவங்களானதால் வேலை மின்னலாக நடந்தது. வியாழக்கிழமை காலை கதையே இல்லாமல் கூடி, அடுத்த புதன் இரவு ஒளிபரப்பாகும் எபிசோடை முடித்துக் கொடுப்பது அவர்களின் வழக்கமானது. 2011இல் வந்த ‘6 டேஸ் டு ஏர்’ என்ற ஆவணப்படம் அந்த ஆறு நாள் அவஸ்தையை முழுதாகக் காட்டுகிறது. 2013 அக்டோபரில் ஸ்டுடியோவில் மின்சாரம் போய், முதல்முறையாகக் கெடு தவறியது.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் அன்றைய ஊர்ச்சங்கதியை ஆட்டத்துக்குள் இழுத்துவிடுவதுபோல, சவுத் பார்க் அந்தந்த வாரத்தைத் திரைக்குள் இழுத்தது. 2000 ஏப்ரல் 22 அதிகாலையில் மியாமியில் ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் எலியான் கொன்சாலெஸ் என்ற கியூபச் சிறுவனை உறவினர் வீட்டிலிருந்து மீட்டார்கள். நான்காம் நாள் அந்தக் காட்சி தொடரில் வந்துவிட்டது. 2008இல் ஒபாமா வென்ற மறுநாளே அவரது வெற்றியைப் பற்றிய எபிசோடு வந்தது. 2016இல் ஹிலாரி கிளின்டன் வெல்வார் என்று நம்பித் தயாரித்த கதையை, டிரம்ப் வென்றதும் ஒரே நாளில் திருத்தி எழுதினார்கள். மாறாமையின் விதியையும் அவர்கள் சிரிப்பாக்கினார்கள்: கென்னி என்ற ஏழைப் பையன் வாராவாரம் சாவான், மறுவாரம் உயிரோடு வந்து நிற்பான், ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

ஆனால் ஆறு நாளில் சிரிப்பைச் சமைத்துவிடலாம்; தீர்ப்பைச் சமைக்க முடியாது. 2006 ஏப்ரலில், பருவநிலை மாற்றம் பற்றி எச்சரித்துவந்த அல் கோரை அவர்கள் கிண்டல் செய்தார்கள். பாதி மனிதன், பாதி கரடி, பாதி பன்றியாக ஒரு மிருகம் சுற்றுகிறது என்று ஊர் ஊராக அலறும் கிறுக்கராக அவரைக் காட்டினார்கள். மிருகம் கற்பனை என்பதுதான் அந்தக் கதையின் பொருள். 2018 நவம்பரில் அந்த மிருகம் உண்மையாகவே ஊருக்குள் புகுந்து ஆட்களைக் கிழிக்கிறது. பையன்கள் கோரிடம் போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். தாத்தாக்களின் தலைமுறை காருக்கும் உயர்ரக ஐஸ்கிரீமுக்கும் ஆசைப்பட்டு அந்த மிருகத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது தெரியவருகிறது. பன்னிரண்டு ஆண்டு தாமதம் என்றாலும், ஒரு நகைச்சுவைத் தொடர் தன் பழைய சிரிப்பைத் தானே தப்பென்று கதையாக்கியதை நான் மதிக்கிறேன். அந்த இரண்டு எபிசோடுகளை இணைத்துப் பார்க்கும்போது, நினைவே இல்லாத வடிவம் என்று நாம் எண்ணியிருந்த ஒன்றுக்குள் நினைவு நுழைந்துவிட்டது தெரிகிறது.

*

மறுஒளிபரப்புச் சந்தை ஆட்டம் கண்டபோது மாறாமையின் விதியும் ஆட்டம் கண்டது. ‘ஃபேமிலி கை’ தொடரை ஃபாக்ஸ் 2002இல் நிறுத்தியது, டி.வி.டி. விற்பனையையும் அடல்ட் ஸ்விம் மறுஒளிபரப்புக்குக் கிடைத்த வரவேற்பையும் பார்த்து 2005இல் திரும்பக் கொண்டுவந்தது. பார்வையாளர் தொடரை வாங்கி, வரிசையாக, விரும்பிய நேரத்தில் பார்க்கத் தொடங்கிவிட்டார். நெட்ஃபிளிக்ஸ் வந்ததும் அது பொதுவழக்கமானது.

2014 ஆகஸ்ட் 22 அன்று நெட்ஃபிளிக்ஸில் ஒரே நாளில் முழு சீசனாக வெளியான ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ இந்த வசதியை முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. ரஃபேல் பாப்-வாக்ஸ்பெர்க் உருவாக்கம். உருவங்களை வடிவமைத்தவர் லிஸா ஹனவால்ட். விலங்குத் தலை கொண்டவர்களும் மனிதர்களும் கலந்து வாழும் லாஸ் ஏஞ்சல்ஸில், 1990களில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரால் புகழ்பெற்று, இப்போது குடியும் தன்வெறுப்புமாகக் கிடக்கும் நடிகன் போஜாக், குதிரைத் தலை. எந்தச் சிக்கலும் 22 நிமிடத்தில் தீர்ந்து, எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் ஒரு தொடருக்குள் வாழ்ந்து பழகிய மனிதன், எதுவும் தீராத வாழ்க்கையில் என்ன ஆவான் என்பதே ஆறு சீசன்களின் கேள்வி.

முதல் சீசனின் நடுவே ஒரு இரவு, போதையில், தான் காதலிக்கும் டயேனைக் கவர்வதற்காக மலைமேல் இருக்கும் புகழ்பெற்ற பெயர்ப்பலகையிலிருந்து ‘ஹாலிவுட்’டின் கடைசி எழுத்தைத் திருடிவிடுகிறான். பழைய வழக்கப்படி அந்த எழுத்து அடுத்த எபிசோடில் இடத்துக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை. ஊரை எல்லாரும் ‘ஹாலிவூ’ என்றே அழைக்கத் தொடங்குகிறார்கள். செய்தி வாசிப்பவர் சொல்கிறார், கடைப் பலகையில் எழுதியிருக்கிறது, விருது விழாவின் பெயரிலும் வந்துவிடுகிறது. ஒரு குடிகாரனின் ஒரு இரவுச் செயல் ஊரின் பெயரை மாற்றி, ஆண்டுக்கணக்கில் பின்னணியில் நின்றுகொண்டே இருக்கிறது. கடைசியில் புது எழுத்து செய்து மாட்டுகிறார்கள். அதுவும் தவறான எழுத்து, ஊர் ‘ஹாலிவூப்’ ஆகிறது. சிரிக்கத்தான் வைத்தார்கள். ஆனால் கண்ணுக்கு எதிரிலேயே தொடர் தன் விதியை அறிவித்துவிட்டது: இங்கே உடைந்தது உடைந்ததுதான்.

அந்தச் சிரிப்பின் அடியில் வேறொன்றும் சேர்ந்துகொண்டே வந்தது. பழைய தொடரில் போஜாக்கின் வளர்ப்பு மகளாக நடித்த குழந்தை நட்சத்திரம் சாரா லின், வளர்ந்து போதையில் சிக்கி, மீள முயன்றுகொண்டிருக்கிறாள். மூன்றாம் சீசன் முடிவில் போஜாக் அவளை மறுபடி குடிக்கவும் போதை மருந்து எடுக்கவும் அழைத்துப்போகிறான். வானியல் அரங்கம் ஒன்றில் அவள் அவன் தோளில் சாய்ந்தபடியே இறந்துபோனதாகத் தெரிகிறது. வேறெந்தத் தொடரிலும் அதுவே உச்சக்காட்சியாக நின்றிருக்கும். இங்கே மூன்று சீசன்கள் கழித்து விசாரணை வருகிறது. தன்மேல் பழி வராதபடி ஏற்பாடு செய்துவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க அவன் 17 நிமிடம் காத்திருந்தான் என்பது தொலைக்காட்சி நேர்காணலில் வெளிப்படுகிறது. அந்த நிமிடங்களில் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள். சாவை வாரம் ஒருமுறை சிரிப்பாக்கிய வடிவம், ஒரு சாவின் நிமிடங்களை எண்ணிக் காட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. இதே தொடரில் 2018இல் வந்த ‘ஃப்ரீ சுர்ரோ’ என்ற எபிசோடு ஏறக்குறைய முழுவதும் தாயின் இறுதிச்சடங்கில் போஜாக் நின்று பேசும் ஒரே உரை. அதில் அவன், தொடர்களில் உண்மையான மகிழ்ச்சி முடிவு கிடையாது, எல்லாரும் மகிழ்ந்துவிட்டால் தொடர் முடிந்துவிடும், முடியாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்கிற பொருளில் பேசுகிறான். கட்டுரைக்காரர்கள் பல பக்கம் எழுத வேண்டியதை அந்தக் குதிரை ஒரு மூச்சில் சொல்லிவிட்டது.

‘போஜாக்’ 2020 ஜனவரியில் முடிந்தது. முடிக்கத் தெரிந்ததும் அதன் பலம். ‘சிம்ப்ஸன்ஸ்’ முடியவில்லை, 2025இல் ஃபாக்ஸ் இன்னும் நான்கு சீசன்களுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது, நாற்பதாவது சீசன் வரை போகும். நிற்கும் காலத்துக்கும் ஓடும் காலத்துக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதா என்று பார்த்தால், மைக் ஜட்ஜும் கிரெக் டேனியல்ஸும் உருவாக்கிய ‘கிங் ஆஃப் த ஹில்’ கண்ணில் படுகிறது. டெக்சஸில் புரோப்பேன் எரிவாயு விற்கும் ஹேங்க் ஹில், மனைவி பெகி, மகன் பாபி. 1997 முதல் 2009 வரை ஓடியபோது பாபிக்கு ஒன்றிரண்டு வயதுதான் ஏறியது. 2025 ஆகஸ்டில் தொடர் திரும்பி வந்தபோது அவனுக்கு 21. டல்லஸில் சமையல்காரனாக இருக்கிறான். சவுதி அரேபியாவில் வேலை பார்த்துவிட்டு ஹேங்கும் பெகியும் ஊர் திரும்புகிறார்கள். தலை நரைத்திருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் வந்த மாற்றத்தை ஹேங்க் திகைப்போடும், கற்றுக்கொள்ளும் மனத்தோடும் பார்க்கிறார். பாபிக்கு இப்போதும் பேமலா ஆட்லன்தான் குரல். பதினோரு வயதுப் பையனுக்குப் பேசியவர் இப்போது இளைஞனுக்குப் பேசுகிறார், சற்றே கனம் கூடிய அதே குரலில். ஒரு தொழிலாளிக் குடும்பம் உழைத்து, மூத்து, பிள்ளையைத் தன் காலில் நிற்கவிடுவதைக் காட்ட ஓவியர்கள் செய்த உடல் மாற்றம் மிகக் கொஞ்சம்: கொஞ்சம் நரை, கண்ணைச் சுற்றிச் சில கோடுகள். அப்புவின் காரணமாகத் திணறிய ஸ்பிரிங்ஃபீல்டுக்கு இந்த வழி இன்றும் திறந்திருக்கிறது என்றே நம்புகிறேன். பார்ட்டுக்குப் பதினைந்து வயதாகட்டும், அப்புவின் எட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகட்டும். அவர்களில் ஒரு பெண் லிஸாவின் வகுப்பில் உட்கார்ந்து தன் அப்பாவின் உச்சரிப்பைப் பற்றித் தானே பேசட்டும். அதை எழுதக்கூடிய தெற்காசிய எழுத்தாளர்கள் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள்.